பணமே பிரதிவாதி: அமெரிக்கப் போலீஸ் பறிமுதலை அரசியலமைப்பு எங்கே தடுக்கிறது?

கேள்வி இது: "அமெரிக்காவில் ஒருவர் மேல் குற்ற வழக்கே போடாமல் அவருடைய பணம், கார், வீடு எல்லாவற்றையும் போலீஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று படித்தேன். அவ்வளவு பேசப்படுகிற அரசியலமைப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் இது எப்படி நடக்கிறது? என் அண்ணன் டெக்சாஸில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ரொக்கம் புழங்குகிற தொழில். அவர் பயப்பட வேண்டுமா?"

நீங்கள் படித்தது உண்மைதான். நான் அங்கே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவண வேலை பார்ப்பவன். இந்த மாதிரிக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2003 மே மாதம். நெப்ராஸ்கா மாநிலத்தில் 80ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு வாடகைக் கார் வேகமாகப் போகிறது என்று ரோந்துப் போலீஸ் நிறுத்துகிறது. ஓட்டி வந்தவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. பணம் வைத்திருக்கிறாயா என்று கேட்டதற்கு இல்லை என்கிறார். சோதனை போட்டுப் பார்க்கலாமா என்றதற்குச் சரி என்கிறார். பின்சீட்டில் ஒரு கூலர் பெட்டி, சுற்றுலா போகும்போது ஐஸ் போட்டுத் தண்ணீர் பாட்டில் எடுத்துப்போவோமே, அந்த மாதிரிப் பெட்டி. உள்ளே அலுமினியத் தாளில் சுற்றிய கட்டுகள். மொத்தம் 1,24,700 டாலர். போதைப்பொருள் ஒரு சிட்டிகைகூட இல்லை. மோப்ப நாய் மட்டும் பணத்தைப் பார்த்துக் குறிப்புக் காட்டியது.

காய்கறி வியாபாரத்துக்குக் குளிர்சாதன லாரி வாங்க, உறவுக்காரர்களும் நண்பர்களும் சேர்ந்து போட்ட பணம் என்றார் அவர். சிகாகோ போய்ப் பார்த்தால் லாரி விற்றுப்போய்விட்டது, பணத்தோடு கலிபோர்னியா திரும்புகிறேன் என்றார். அவ்வளவு பணம் கையில் வைத்திருப்பதே குற்றமோ என்று பயந்து பொய் சொன்னதாகவும் சொன்னார். பணம் போட்டவர்களும் அதையே சொன்னார்கள். கீழ்க்கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2006இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் திருப்பிப் போட்டது. இவ்வளவு பணம், விநோதமாகக் கட்டப்பட்டிருக்கிறது, முதலில் பொய், அப்புறம் நாய். ஆகவே போதை வியாபாரத்தோடு தொடர்பு இருப்பதாகவே கொள்ளலாம் என்றது. அந்தப் பணத்துக்காக அவர் மேல் குற்ற வழக்கு எதுவும் வரவில்லை. பணம் மட்டும் அரசுக்குப் போனது.

அந்த வழக்கின் பெயரைப் பாருங்கள்: "அமெரிக்க ஐக்கிய நாடு எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்". எதிர்த்தரப்பில் இருப்பது பணம். மனிதர் அந்த வழக்கில் பிரதிவாதியே கிடையாது. தன் பணத்துக்காக வெளியிலிருந்து வந்து உரிமை கோருகிறவர், அவ்வளவுதான். இதே நாட்டில் "அமெரிக்க ஐக்கிய நாடு எதிர் சுமார் 64,695 பவுண்டு சுறாத் துடுப்பு" என்றும் ஒரு வழக்கு நடந்து, 2008இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றத்தில் சுறாத் துடுப்பின் சொந்தக்காரர்கள் ஜெயித்தார்கள். பொருளின் மேல் வழக்கு என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. நீதிமன்ற ஏடுகளில் அப்படியேதான் பதிவாகிறது.

நமக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. நம் ஊரில் சாமி பெயரில் நிலம் இருக்கும், சாமி பெயரில் வழக்கு நடக்கும். பத்தூர் நடராஜர் சிலைக்காக லண்டன் நீதிமன்றத்தில் இடிந்த கோயிலே ஒரு தரப்பாக நின்று 1991இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. ஆனால் அங்கே சட்டம் கோயிலுக்கு ஆளுருவம் கொடுத்தது, அதன் உரிமையைக் காப்பாற்ற. அமெரிக்கப் பறிமுதல் சட்டம் பணத்துக்கும் காருக்கும் ஆளுருவம் கொடுப்பது, அவற்றின் மேல் குற்றம் சாட்ட. குற்றம் சாட்டப்பட்ட மனிதனுக்கு என்னென்ன பாதுகாப்பு உண்டோ அவற்றில் பெரும்பாலானவை குற்றம் சாட்டப்பட்ட பொருளுக்குக் கிடையாது. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இங்கேயே இருக்கிறது.

இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் பொருளைக் கையில் எடுப்பது கைப்பற்றல். சட்டப்படி அது அரசுக்குச் சொந்தமாகிவிடுவது பறிமுதல். பறிமுதலிலும் மூன்று வகை. ஒருவரைத் தண்டித்த பிறகு அந்தத் தண்டனையின் பகுதியாக எடுப்பது குற்றவியல் பறிமுதல். அதைப் பற்றி யாருக்கும் பெரிய புகார் இல்லை. பொருளின் மேல் தனி வழக்குப் போட்டு எடுப்பது சிவில் பறிமுதல். மூன்றாவது, நீதிபதியே இல்லாமல் கைப்பற்றிய அமைப்பே காகிதத்தில் முடித்துவிடுகிற நிர்வாகப் பறிமுதல். ரொக்கம் எவ்வளவாக இருந்தாலும், யாரும் உரிய தேதிக்குள் எதிர்த்து உரிமை கோரவில்லை என்றால், மத்திய அமைப்புகள் அதை இந்த மூன்றாவது வழியிலேயே முடித்துவிடலாம். செய்திகளில் கோர்ட் வழக்குகள்தான் வருகின்றன. பெரும்பாலான பணம் போவதோ இந்தச் சத்தமில்லாத வழியில்.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஒரு வண்டி ஏறி ஒருவர் இறந்தால் அந்த வண்டி மன்னருக்குப் போய்விடும் என்று அங்கே பழைய வழக்கம் ஒன்று இருந்தது, 1846இல்தான் ஒழித்தார்கள். மனுநீதிச் சோழன் கதையில் கன்றுக்குட்டி மேல் தேர் ஏறியபோது அரசன் மகனைத் தண்டித்தான். இங்கிலாந்து மன்னராக இருந்தால் தேரைப் பிடித்திருப்பார். கடல் வணிகச் சட்டங்களிலும் இதே தர்க்கம்தான்: வரி ஏய்த்த கப்பலின் முதலாளி எங்கோ கடல் தாண்டி இருப்பார், அவரைப் பிடிக்க முடியாது, ஆகவே கப்பலைப் பிடி. 1768இல் பாஸ்டனில் ஜான் ஹான்காக் என்ற வணிகரின் 'லிபர்ட்டி' கப்பலை ஆங்கிலேயச் சுங்கத்துறை பிடித்தபோது ஊரே கொந்தளித்தது. ஆனால் சுதந்திரம் வாங்கிய அதே மக்களின் முதல் நாடாளுமன்றம் 1789இலேயே சுங்கம் ஏய்க்கும் கப்பல்களையும் சரக்கையும் பறிக்கச் சட்டம் போட்டது. இந்த ஒரு தேதிதான் இன்றுவரை அரசு வழக்கறிஞர்களின் பெரிய ஆயுதம். அரசியலமைப்பை எழுதியவர்களே ஏற்றுக்கொண்ட வழக்கம் என்று வாதிடுகிறார்கள். பாதி நியாயம்தான். அன்றைக்கு அது கப்பலும் சுங்கமுமாக இருந்தது, முதலாளி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார். இன்றைக்கு முதலாளி போலீஸ்காரர் முன்னாலேயே சாலையோரம் நின்றுகொண்டிருக்கிறார்.

போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில்தான் இது இவ்வளவு பெருகியது. 1970 சட்டம் போதைப்பொருளையும் அதைக் கடத்தும் வண்டிகளையும் பறிக்கச் சொன்னது. 1978 திருத்தம் பணத்தையும் சேர்த்தது. 1984இல் வீடும் நிலமும் சேர்ந்தன. அதே 1984 சட்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது: பறித்த பணம் பொதுக் கருவூலத்துக்குப் போகாமல் ஒரு தனி நிதிக்குப் போகும், அதிலிருந்து சட்ட அமலாக்கத் துறைகளே செலவு செய்யலாம். உள்ளூர்ப் போலீஸ் மத்திய அரசோடு சேர்ந்து பறித்தால் 80 சதவீதம் வரை உள்ளூருக்கே திரும்பும். எடுப்பவருக்கே பங்கு என்று ஆகிவிட்டது.

பங்கு இருந்தால் கண் எங்கே போகும் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலம் டூக்ஸ்பரி ஊரின் 'மோட்டல் காஸ்வெல்' ஒரு சாட்சி. ஒரு குடும்பம் நடத்திய சாதாரண விடுதி. 1994 முதல் 2008 வரை சுமார் 2,00,000 முறை அறைகள் வாடகைக்குப் போயிருக்கின்றன. அதில் போதைப்பொருள் தொடர்பாக அரசு காட்டிய சம்பவங்கள் 15. முதலாளி மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவரே பலமுறை போலீசைக் கூப்பிட்டு உதவியவர். அந்த மொத்த விடுதியையும் எடுக்க அரசு வழக்குப் போட்டது. ஏன் இந்த விடுதி? மத்திய அதிகாரி ஒருவர் சாட்சிக் கூண்டில் சொன்னார்: செய்தித்தாள்களைப் பார்த்துப் பறிக்கத்தக்க சொத்துகளைத் தேடுவது தன் வேலை, பிறகு பதிவு அலுவலகத்தில் போய் அந்தச் சொத்தின் மேல் எவ்வளவு கடன் இருக்கிறது, எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்பது வழக்கம். காஸ்வெல் விடுதி மேல் அடமானம் எதுவும் இல்லை. மதிப்பு 10 லட்சம் டாலருக்கு மேல். 2013 ஜனவரியில் நீதிபதி அரசின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வில்லங்கம் பார்த்துச் சொத்து வாங்குவது நம் வழக்கம். அங்கே வில்லங்கம் பார்த்துச் சொத்தைப் பறிக்க வந்திருக்கிறார்கள்.

சரி, அரசியலமைப்புக்கு வருவோம். அங்கே சொற்கள் இருக்கின்றன. நான்காவது திருத்தம் நியாயமற்ற சோதனையையும் கைப்பற்றலையும் தடுக்கிறது. ஐந்தாவது, உரிய சட்ட நடைமுறை இல்லாமல் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது. ஈடு கொடுக்காமல் பொதுக் காரியத்துக்கு எடுக்கவும் கூடாது. எட்டாவது, அளவுக்கு மீறிய அபராதம் கூடாது என்கிறது. பதினான்காவது, உரிய நடைமுறை என்ற கட்டுப்பாட்டை மாநிலங்கள் மேலும் போடுகிறது.

நான்காவது திருத்தம் ஓரளவு வேலை செய்கிறது. 1965இல் ஒரு 1958 பிளைமவுத் கார் வழக்கில், சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்த சாட்சியத்தைப் பறிமுதல் வழக்கிலும் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல், போக்குவரத்துச் சோதனையை மோப்ப நாய்க்காக நீட்டி வைக்கக் கூடாது, அதற்குத் தனிக் காரணம் வேண்டும் என்றது. ஆனால் "சோதனை போடலாமா?" என்று கேட்டு நீங்கள் தலையாட்டிவிட்டால் இந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்தது. நெப்ராஸ்காக்காரர் தலையாட்டினார். நாய் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புழக்கத்தில் இருக்கிற டாலர் நோட்டுகளில் பெரும்பகுதியில் கோகெய்ன் துகள் ஒட்டியிருக்கிறது என்பதைச் சில நீதிமன்றங்களே குறித்திருக்கின்றன. அப்படியும் நாயின் குறிப்பு இன்றைக்கும் பல வழக்குகளில் சாட்சியமாக நிற்கிறது.

நிரபராதியான சொந்தக்காரர் என்ன ஆவார்? இங்கேதான் உச்ச நீதிமன்றம் மோசமாகச் சறுக்கியது என்பது என் கருத்து. 1974இல் போர்ட்டோ ரிகோவில் ஒரு நிறுவனம் குத்தகைக்கு விட்ட உல்லாசப் படகில் கஞ்சா இருந்தது என்று படகே போனது. நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது. 1996இல் வந்தது பென்னிஸ் வழக்கு. டெட்ராய்ட் பகுதியில் ஒரு கணவன், குடும்பக் காரில் பாலியல் தொழில் செய்யும் பெண்ணோடு பிடிபட்டான். 600 டாலருக்கு வாங்கிய பழைய போண்டியாக், மனைவியும் பாதிச் சொந்தக்காரி. கணவன் செய்த துரோகத்தோடு காரும் போனது. தன் பங்கையாவது கொடுங்கள் என்று அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். அறியாமை பறிமுதலுக்குத் தடை இல்லை என்பது பழைய வழக்கம் என்றது தீர்ப்பு. ஈடு கேட்கவும் வழியில்லை என்றது. கணவனை நம்பிக் காரைக் கொடுத்ததைத் தவிர அந்த மனைவி செய்த தவறு என்ன என்று அந்தத் தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை.

பிறகு நாடாளுமன்றம்தான் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. ஹென்றி ஹைட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் முன்னின்று 2000இல் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டம், மத்திய அரசின் வழக்குகளில் நிரூபிக்கும் பொறுப்பை அரசு மேல் போட்டது. அதற்கு முன்பு தன் பொருள் குற்றமற்றது என்று சொந்தக்காரர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. வழக்காடவே பிணைத்தொகை கட்ட வேண்டியிருந்தது. நிரபராதிச் சொந்தக்காரர் என்ற வாதமும் சட்டத்துக்குள் வந்தது. ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. "இப்படி இருக்கவே வாய்ப்பு அதிகம்" என்று காட்டினால் போதும். ஏழைக்கு இலவச வக்கீல் உரிமையாகவே கிடைப்பது குடியிருக்கும் வீட்டைப் பறிக்கும்போது மட்டும். சுங்கச் சட்டங்களின் கீழ் எடுப்பவைக்கு இந்தச் சீர்திருத்தமே பொருந்தாது. மாநிலச் சட்டங்களையும் அது தொடவில்லை.

அபராதம் அளவு மீறக் கூடாது என்ற எட்டாவது திருத்தம்தான் இப்போது உயிரோடு இருக்கிற கதவு. 1993இல் ஆஸ்டின் வழக்கில், சிவில் என்று பெயர் வைத்தாலும் தண்டனை போல இருந்தால் இந்தத் திருத்தம் பொருந்தும் என்றார்கள். 1998இல் பஜாகாஜியன் வழக்கு. ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்திலிருந்து குடும்பத்தோடு சைப்ரஸ் போகிறார். கையில் 3,57,144 டாலர், கடனைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப்போகிறார், முழுக்க நேர்மையான பணம். 10,000 டாலருக்கு மேல் எடுத்துப்போனால் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுக்கவில்லை. அதற்காக முழுத் தொகையையும் எடுப்பது குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டனை என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. எட்டாவது திருத்தத்தின் இந்தப் பகுதியை வைத்து அது ஓர் அபராதத்தைத் தடுத்தது அதுவே முதல் தடவை. 2001இல் நாடாளுமன்றம் பணத்தை மறைத்து எடுத்துப்போவதையே தனிக் குற்றமாக்கி அந்தத் தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்துகொண்டது.

மாநிலங்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டா என்பது 2019 வரை முடிவாகாமலே கிடந்தது. இந்தியானாவில் டிம்ஸ் என்பவர் சிறு அளவு ஹெராயின் விற்றதை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை, ஒரு வருட வீட்டுக்காவல், ஐந்து வருடக் கண்காணிப்பு. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 10,000 டாலர். அரசு எடுத்துக்கொண்டதோ அப்பா இறந்தபோது வந்த காப்பீட்டுப் பணத்தில் 42,000 டாலருக்கு வாங்கிய லேண்ட் ரோவர். வாதத்தின்போது நீதிபதி பிரேயர் மாநில வக்கீலிடம் கேட்டார்: வேக வரம்பை ஐந்து மைல் தாண்டினான் என்பதற்காக ஒருவனுடைய புகாட்டி காரையே எடுத்துக்கொள்ளலாமா? எடுக்கலாம் என்பதே வக்கீல் வாதத்தின் முடிவாக இருந்தது. மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. 2019 பிப்ரவரி 20 அன்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு, இங்கிலாந்தின் பழைய உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டா காலத்திலிருந்து வருகிற உரிமை இது, மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. ஒன்பது பேரும் ஒரே முடிவு. ஆனால் அந்தக் கார் எப்போது வீட்டுக்கு வந்தது? 2013இல் போனது, 2020 மே மாதம் வந்தது. உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவருக்கே ஏழு வருடம்.

இந்தக் காத்திருப்புதான் இன்றைய பெரிய ஓட்டை. வீடு, நிலத்தை எடுப்பதற்கு முன்பு பொதுவாக அறிவிப்புக் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று 1993இலேயே சொல்லிவிட்டார்கள். காருக்கும் பணத்துக்கும் அப்படி இல்லை, முதலில் எடுத்துவிடலாம். எடுத்த பிறகாவது, வழக்கு முடியும்வரை காரை அரசு வைத்திருக்கலாமா என்று ஒரு சுருக்கமான ஆரம்ப விசாரணை வேண்டாமா? அலபாமாவில் மகனுக்குக் கார் கொடுத்த ஒரு தாயும், நண்பருக்குக் கார் கொடுத்த இன்னொரு பெண்ணும் இதைத்தான் கேட்டார்கள். இருவருமே கடைசியில் நிரபராதி என்று காரைத் திரும்பப் பெற்றவர்கள். அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. 2024 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், தனி ஆரம்ப விசாரணை தேவையில்லை, இறுதி விசாரணை காலத்தோடு நடந்தால் போதும் என்றது. நீதிபதி கேவனா எழுதினார். பறிக்கும் துறைக்கே பணம் போகிற ஏற்பாட்டில் ஆரம்ப விசாரணை ஏன் அவசியம் என்று நீதிபதி சோட்டோமேயர் எதிர்த் தீர்ப்பில் விளக்கினார். எனக்கு அந்த எதிர்த் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது. வேலைக்குப் போக ஒரே கார் வைத்திருப்பவருக்கு, இரண்டு வருடம் கழித்துக் காலத்தோடு நடக்கும் விசாரணையால் என்ன பயன்?

அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பெரும்பான்மையோடு ஒத்துப்போன நீதிபதி கோர்சச், நீதிபதி தாமசோடு சேர்ந்து தனியாக எழுதியது. கப்பலுக்கும் சுங்கத்துக்கும் இருந்த பழைய வழக்கத்தை வைத்து இன்றைய சிவில் பறிமுதலை நியாயப்படுத்த முடியுமா என்று அவர்கள் வெளிப்படையாகவே சந்தேகப்படுகிறார்கள். தாமஸ் 2017இலேயே இதை எழுதினார், அதுவும் உங்கள் அண்ணன் இருக்கிற டெக்சாஸ் வழக்கொன்றில். காரின் டிக்கியில் இருந்த பெட்டகத்தில் 2,01,100 டாலரும், பென்சில்வேனியாவில் வீடு விற்ற பத்திரமும் இருந்தன. வீடு விற்ற பணம் என்று தாய் உரிமை கோரினார். கீழே எல்லா மன்றங்களிலும் தோல்வி. அரசியலமைப்பு வாதத்தை மாநில மன்றங்களில் முதலில் எழுப்பவில்லை என்பதால் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவில்லை. ஆனால் இந்தச் சட்டங்கள் எதிர்த்து நிற்க வசதியில்லாத ஏழைகளைத்தான் அதிகம் அடிக்கின்றன என்று தாமஸ் அங்கே பதிவு செய்தார். வலதுசாரியான தாமசும் இடதுசாரிப் பக்கம் நிற்கிற சோட்டோமேயரும் ஒரே குறையைப் பார்க்கிற அபூர்வமான விஷயம் இது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 1எம்டிபி நிதியிலிருந்து கொள்ளை போன பணத்தில் 100 கோடி டாலருக்கு மேல் மீண்டது இந்தச் சிவில் பறிமுதல் வழியாகத்தான். 2016இல் லாஸ் ஏஞ்சலிஸில் வழக்குப் போட்டுக் கட்டடம், ஓவியம், உல்லாசக் கப்பல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். முக்கியக் குற்றவாளி தலைமறைவு. ஆள் வந்தால்தான் வழக்கு என்று இருந்திருந்தால் மலேசிய மக்களுக்கு அது கிடைத்திருக்காது. பெரிய முதலீட்டு மோசடி செய்த பெர்னி மேடாஃபிடம் ஏமாந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்த 400 கோடி டாலரிலும் பெரும்பங்கு இந்த வழியில் வந்ததே. ஓடிப்போனவனின் சொத்தைப் பிடிக்க இந்தச் சட்டம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு 21 மாநிலங்களின் கணக்கை வைத்து 2020இல் வெளியிட்ட அறிக்கையில், பறிபோன ரொக்கத்தின் நடுமதிப்பு 1,276 டாலர், அதாவது பாதிப் பறிமுதல்களில் தொகை இதைவிடக் குறைவு. உல்லாசக் கப்பல் பிடிக்கச் செய்த தூண்டில் ஒருவருடைய வீட்டு வாடகைப் பணத்தில் மாட்டுகிறது. அவ்வளவு சிறிய தொகைக்கு வக்கீல் வைத்தால் வக்கீல் கட்டணம் அதைத் தாண்டிவிடும். எதிர்த்து வராததால் வழக்கு தானாக முடிந்துவிடும். எட்டாவது திருத்தம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் மன்றத்துக்கு வராதவருக்கு அது எப்படி உதவும்?

பிலடெல்பியா நகர மன்றக் கட்டடத்தில் 478ஆம் எண் அறை என்று ஒன்று இருந்தது. பெயர் நீதிமன்ற அறை. நீதிபதி இருக்க மாட்டார். உங்கள் வீட்டைக் கேட்கிற அதே அரசு வக்கீல்தான் அங்கே எல்லாவற்றையும் நடத்துவார். வேலைக்கு லீவு போட்டு வர வேண்டும், மறுபடி வா என்பார்கள், ஒரு முறை தவறினால் சொத்து போனது. மகன் 40 டாலருக்குப் போதைப்பொருள் விற்றான் என்று ஒரு பெற்றோரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பமும் மற்றவர்களும் போட்ட வழக்கில் 2018இல் நகரம் சமரசத்துக்கு வந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் டாலர் ஒதுக்கியது.

சில மாநிலங்கள் தாமாகவே விழித்துக்கொண்டன. நியூ மெக்சிகோ 2015இலும், நெப்ராஸ்கா 2016இலும், மெய்ன் 2021இலும் சிவில் பறிமுதலையே ஒழித்தன. கூலர் பெட்டி பிடிபட்ட அதே நெப்ராஸ்காதான். ஆனால் மத்திய அரசோடு பங்கு போடும் வழி பல இடங்களில் இன்னும் திறந்திருக்கிறது. மத்தியச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2023இல் பிரதிநிதிகள் அவையின் நீதிக் குழுவில் ஒருமனதாக நிறைவேறியும் சட்டமாகவில்லை.

இனி உங்கள் அண்ணனுக்கு. பயந்து சாக வேண்டியதில்லை, ஆனால் சில விஷயங்களில் கவனம் வேண்டும்.

கடைப் பணத்தை வங்கியில் போடும்போது 10,000 டாலருக்கு மேல் இருந்தால் வங்கி ஒரு படிவம் நிரப்பி அரசுக்கு அனுப்பும். அதில் ஒன்றும் தப்பில்லை. அந்தப் படிவத்தைத் தவிர்க்க வேண்டும் என்று தொகையை உடைத்து உடைத்துப் போடுவதுதான் தனிக் குற்றம், பணம் நேர்மையானதாகவே இருந்தாலும். நம்மவர்களில் "எதற்கு வம்பு, 9,500 ஆகப் போட்டுவிடுவோம்" என்று நினைப்பவர்கள் உண்டு. வம்பு அதில்தான் இருக்கிறது. இப்படி அயோவாவில் ஒரு சிறு உணவகத்தின் கணக்கில் இருந்த சுமார் 33,000 டாலரையும் வருமானவரித் துறை எடுத்துக்கொண்டு, பெரிய எதிர்ப்பு வந்த பிறகே திருப்பிக் கொடுத்தது. 2019இல் வந்த சட்டம் வருமானவரித் துறையின் கையைக் கட்டியது, மற்றத் துறைகளின் கையை இல்லை.

ஊருக்குப் போகும்போது, வரும்போது, குடும்பம் மொத்தமாக 10,000 டாலருக்கு மேல் எடுத்துப்போனால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வரி கிடையாது, உச்சவரம்பும் கிடையாது. பாட்டி பையில் கொஞ்சம், பிள்ளை பையில் கொஞ்சம் என்று பிரித்து வைத்தால் காப்பாற்றாது. உள்நாட்டுப் பயணத்தில் எழுதிக் கொடுக்கும் கடமையே இல்லை. விமான நிலையங்களில் மத்திய போதைத் தடுப்பு அதிகாரிகள் பயணிகளிடம் பேச்சுக்கொடுத்துப் பை சோதனை போட்ட வழக்கத்தை, உள் கண்காணிப்பு அதிகாரி குறை சொன்ன பிறகு, 2024 நவம்பரில் நீதித்துறை அமைச்சகம் நிறுத்தி வைத்தது. இருந்தாலும் பெரிய ரொக்கத்தோடு நெடுஞ்சாலையில் போகவே வேண்டாம், வங்கிக் காசோலை இருக்கிறது. போகத்தான் வேண்டும் என்றால் வங்கி ரசீது, வாங்கப்போகும் பொருளின் விவரம் இரண்டும் கூடவே இருக்கட்டும். போலீஸ் சோதனை போடலாமா என்று கேட்டால், மரியாதையாக, சம்மதம் இல்லை என்று சொல்லலாம். பொய் மட்டும் வேண்டாம். இந்தப் பணம் எனக்கு வேண்டாம் என்று சாலையோரத்தில் கையெழுத்து வாங்குவதை டெக்சாஸ் 2011இலேயே தடை செய்துவிட்டது. டெனாஹா என்ற சிற்றூரில் அப்படி நடந்தது பெரிய வழக்காகி 2012இல் சமரசமாக முடிந்தது.

எடுத்தே விட்டார்கள் என்றால் வருகிற கடிதம்தான் உயிர். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் பழைய வேன் வாங்கக் கொண்டுபோன பணத்தைப் பறிகொடுத்துவிட்டு, அந்தக் கடிதத்தை ஒரு மளிகைப் பையில் மடித்து எடுத்து வந்தார். சொத்துக்கு ஒரு எண், எடுத்த நாள், இடம், மதிப்பு, கடைசித் தேதி, எல்லாம் அச்சில். மத்திய வழக்கில் அந்தக் கடைசித் தேதி கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 35 நாளுக்கு முன்னால் இருக்கக் கூடாது, பெரும்பாலும் அந்த 35ஆம் நாளாகவே இருக்கும். அவர் வந்தது 31ஆம் நாள். கருணை மனுப் படிவத்தை ஒழுங்காக, மன்னிப்பெல்லாம் கேட்டு, நிரப்பி வைத்திருந்தார். அந்த மனுவை முடிவு செய்வது பணத்தை எடுத்த அதே அமைப்புதான், கோர்ட் பக்கமே போகாது. "உரிமை கோரல்" என்று இன்னொரு வழி அதே கடிதத்தில், இன்னொரு பத்தியில், இருந்தது. அதைப் போட்டால் அரசு 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பணம் எது, தனக்கு அதில் என்ன உரிமை, சொல்வது உண்மை என்ற உறுதிமொழி, இவ்வளவுதான் அதில் எழுத வேண்டும். அன்றைக்கே எழுதி, 33ஆம் நாள் போய்ச் சேரும்படி அனுப்பினோம். 90 நாள் ஓடியது. வழக்கு வரவில்லை, பணம் வந்தது.

டெக்சாஸ் மாநில வழக்கு என்றால் கெடு வேறு, படிவம் வேறு, நேரே மாவட்ட நீதிமன்ற நோட்டீஸாக வரும். எதுவாக இருந்தாலும் கடிதம் கைக்கு வந்த அன்றே வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள், உறை மேல் இருக்கிற அஞ்சல் முத்திரையோடு.